இறைச்சிக் காசு

2022 டிசம்பரில், உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்கள் சேர்ந்து மூன்று கிலோ கோழி வாங்கச் சொல்லி என் கையில் காசு தந்தார்கள். நான் ஒன்றரைக் கிலோதான் வாங்கினேன். குறைந்ததற்குச் சோயா மீட்டை ஊறவைத்துக் கொத்திப் போட்டு, எல்லாமே கோழி என்று சொல்லிப் பரிமாறினேன். சோயாவின் விலை போக மிஞ்சிய காசை நானே வைத்துக்கொண்டேன். அன்றைய கூலிக் கணக்கில் அது ஒரு பெண் ஒன்றரை நாள் மலையில் நின்று உழைத்த காசு. இது திருட்டு. இதற்கு மெல்லிய சொல் எதையும் தேட நான் விரும்பவில்லை.

அந்தத் திருட்டைத் தொடர்ந்து அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றையும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில், நான் ஆக்கிய சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என்னவென்று தெரிந்தால்தான் நான் எதை வைத்து ஏமாற்றினேன் என்பது விளங்கும்.

தோட்டத்துப் பையன்கள் பலர் போவதுபோல நானும் படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனவன். முதலில் பீங்கான் கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன், கடைசியில் அடுப்புப் பக்கம் வந்தேன். 2014 செப்டெம்பரில் துறைமுக நகர வேலை தொடங்கிய பின் கொழும்பில் சீன வேலையாட்கள் பெருகினார்கள். அவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தேடி வரும் கடைகளும் பெருகின. நமக்குப் பழகிப்போன ஃபிரைட் ரைஸ், டெவல், சைனீஸ் ரோல் எதுவும் அங்கே இல்லை. அப்படி ஒரு கடையில் சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்த தலைமைச் சமையல்காரரிடம் வேலை பழகினேன். அவருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. என் கையைப் பிடித்து அகப்பையை எவ்வளவு வேகமாகப் புரட்ட வேண்டும் என்று காட்டித் தந்தார். அவர் எனக்கு முதலில் பழக்கிய சாப்பாடு, மரத்தில் எறும்பு ஏறுகிறது என்ற பொருளில் சீனர்கள் பெயர் வைத்திருக்கும் நூடில்ஸ்.

அதில் போடுவது கோதுமை நூடில்ஸ் இல்லை. பாசிப்பயற்றிலிருந்து மாப்பொருளை மட்டும் பிரித்தெடுத்து நூலாக்கிக் காயவைத்தது. காய்ந்திருக்கும்போது வெள்ளையாக, மீன்பிடி நரம்பு மாதிரி விறைப்பாக இருக்கும். வெந்தால் கண்ணாடியாகும். அதனால்தான் கண்ணாடி நூடில்ஸ் என்கிறார்கள். பயற்று மாப்பொருளில் அமைலோஸ் அதிகம் என்பதால் வெந்த பிறகும் குழையாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, வளைகிற பதம் வந்ததும் வடித்து, கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் முழுக்க வெந்துபோனால் பின்னால் சாற்றை இழுக்காது.

அடுத்தது இறைச்சி. அவர்கள் பன்றி இறைச்சி போடுவார்கள். பொடியாகக் கொத்தியதை எண்ணெயில் போட்டால் முதலில் தண்ணீர் விடும். அது வற்றி, துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து, ஓரம் சிவக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு தோபான்ஜியாங் என்ற விழுது. பெரிய அவரை வகை ஒன்றின் பருப்பையும் சிவப்பு மிளகாயையும் உப்புப் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்வது. செங்டு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பீசியென் என்ற இடத்து விழுதுக்குப் பெரிய பெயர். அதை இளந்தீயில் வதக்க வேண்டும். எண்ணெய் முழுக்கச் சிவந்து, பச்சை வாடை போய், உப்பும் உறைப்புமாக ஒரு மணம் கிளம்பும். இஞ்சி, உள்ளி, கொஞ்சம் சோயா சோஸ், எலும்பு வேகவைத்த சாறு எல்லாம் சேர்ந்த பின் நூடில்ஸைப் போட்டால், அது சாற்றைக் குடித்துக் குடித்துக் கடைசியில் சட்டி காய்ந்துவிடும். இறைச்சித் துணுக்குகள் கண்ணாடி இழைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே வெங்காயத்தாளைத் தூவி இறக்க வேண்டும்.

சிச்சுவானில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குவான் ஹான்சிங் என்ற நாடக ஆசிரியர் டோ ஏ என்ற விதவைப் பெண்ணை வைத்து எழுதிய நாடகம் அந்த நாட்டில் மிகப் பேர்போனது. செய்யாத கொலைக்குப் பழி சுமந்து சாகும் பெண் அவள். அவள் பெயரில் வழங்கும் நாட்டார் கதை இது. நோயில் கிடக்கும் மாமியாருக்கு ஆக்கிக் கொடுக்க அவளிடம் காசில்லை. இறைச்சிக் கடையில் கடன் கேட்டு ஒரு சின்னத் துண்டு வாங்கி வருகிறாள். அது ஒரு ஆளுக்குக் கூடக் காணாது. வீட்டில் கிடந்த நூடில்ஸை ஊறவைத்து, இறைச்சியைப் பொடியாகக் கொத்திச் சேர்த்து ஆக்குகிறாள். கண் மங்கிய மாமியார், இதில் ஏன் இவ்வளவு எறும்பு என்று கேட்கிறார். எறும்பு இல்லை, இறைச்சிதான், இவ்வளவுதான் கிடைத்தது என்று மருமகள் உள்ளதைச் சொல்கிறாள். கொஞ்ச இறைச்சியை நிறையப் பேருக்கு எட்டவைக்கும் சாப்பாடு என்பதால் ஏழை வீட்டில் பிறந்த கதை அதற்குப் பொருந்துகிறது. இந்தக் கதை எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, கடைக்கு ஆள் வரவும் இல்லை. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நுவரெலியா வந்து, கந்தப்பளை, ராகலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, பிறந்த லயத்துக்கே திரும்பினேன். பையில் ஒரு போத்தல் தோபான்ஜியாங்கும் புறக்கோட்டையில் வாங்கிய சில பக்கெட் கண்ணாடி நூடில்ஸும் இருந்தன. என்றைக்காவது திரும்பிப் போனால் கை மறந்துவிடக் கூடாது என்று கொண்டுவந்தவை.

ஊரில் நிலைமை கொழும்பைவிட மோசம். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்ந்தபோது கொண்டாடிய சனம், அடுத்த வருடமே அந்த ஆயிரத்தால் ஒரு கிலோ கோழி வாங்க முடியாமல் நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசிக் கணக்கில் உணவின் பணவீக்கம் 94.9 சதவீதம். மலைக்கு வந்து சேரும் சாமான்களுக்கு லொறிக் கூலியும் கூடச் சேரும். கோதுமை மா விலை ஏறியதில் காலை ரொட்டி சின்னதாகியது. சோற்றுக்கு ஒரு மரக்கறியும் சோயா மீட்டும் என்று எங்கள் லயங்களில் வாரம் ஓடியது. அந்த நேரத்தில் இறைச்சி என்பது பொங்கல், தீபாவளி மாதிரி நாள் பார்த்து வரும் சாமான்.

அந்த வருட முடிவில் எங்கள் பணிய லயத்துப் பெரியம்மா ஒருவர் வேலையிலிருந்து நின்றார். சிறுவயதில் கூடை எடுத்தவர். அவருக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும் என்று அவரோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் முடிவு செய்தார்கள். என் வீட்டு இஸ்தோப்புக்கு வந்து கேட்டார்கள். “தம்பி, நீ கொழும்புல சீனாக்காரனுக்கு ஆக்கிக் குடுத்தத எங்களுக்கும் ஒரு நாளைக்கு ஆக்கிக் குடேன். பெரியம்மாவுக்குப் பல்லு இல்ல. கொத்துன எறச்சின்னா நல்லா சாப்புடும்.” ஒரு அக்கா பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் பெயர் எழுதிக் காசு சேர்த்தார். சிலர் முழுதாகக் கொடுத்தார்கள். சிலர் சம்பள நாளுக்குப் பிறகு தருகிறேன் என்று பாதி கொடுத்தார்கள். அந்த அக்கா ஒவ்வொரு பெயருக்கு நேரிலும் தொகையை எழுதி, கூட்டிப் பார்த்து, முன்னால் எண்ணி என் கையில் வைத்தார். மாட்டிறைச்சி பலர் சாப்பிடமாட்டார்கள், பன்றியும் சிலருக்கு ஆகாது. அதனால் கோழி என்று பேசி முடித்தோம்.

உடப்புசல்லாவை டவுனில் இறைச்சிக் கடை முன்னால் நின்றபோது எனக்கு ஒரு கடன் இருந்தது. தவணைக்கு எடுத்த கைபேசிக்கு அந்த வாரம் கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் என் மானம் போயிருக்கும், வேறு ஒன்றும் ஆகியிருக்காது. என் வீட்டில் யாரும் பட்டினியாய்க் கிடக்கவில்லை, யாரும் நோயில் விழவில்லை. நியாயம் சொல்லக் கூடிய ஒரு காரணமும் என்னிடம் இல்லை. மூன்று கிலோ என்று சொல்ல வேண்டிய வாய் ஒன்றரை என்று சொல்லியது. அடுத்த கடையில் சோயா மீட் வாங்கினேன்.

ஏமாற்றியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பை நீக்கிச் சதையைக் கத்தியால் கொத்தினேன். எலும்பையும் தோலையும் பெரிய பானையில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டேன். சோயாவை வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் அதன் வாடை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதலில் சுடுதண்ணீரில் போட்டுப் பிழிந்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு கோழி எலும்புச் சாற்றில் ஊறவைத்தேன். சாறு உள்ளே இறங்கிய பின் மறுபடி பிழிந்து, இறைச்சித் துணுக்கின் அளவுக்கே கொத்தினேன். எண்ணெயில் தனியாகச் சிவக்க வறுத்து, கோழியோடு கலந்தேன். மேலே விழுதைக் கூட்டிப் போட்டேன். உறைப்பு ஏறினால் நாக்கு மற்றதைத் தேடாது என்பது சமையல்காரனுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் விளைந்த லீக்ஸை வெங்காயத்தாளுக்குப் பதிலாக வெட்டித் தூவினேன். கொழும்பில் அந்த மனிதர் என் கையைப் பிடித்துப் பழக்கிய நுட்பம் அத்தனையையும் இந்த ஒரு வேலைக்குக் கொடுத்தேன்.

மழையும் குளிரும் பிடித்த மாலை அது. எல்லோரும் வியர்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்லா இருக்கு தம்பி என்று சாப்பிட்டார்கள். பெரியம்மா மட்டும் ஒரு வாய் வைத்து நிதானமாகச் சப்பினார். “எறச்சி வாசம் கொறவா இருக்கே தம்பி? மெத்து மெத்துன்னு வேற இருக்கு” என்றார்.

“சீனச் சமையல் அப்புடித்தான் பெரியம்மா. எறச்சியில மாவு போட்டுப் பெசஞ்சு மெதுவாக்கிருவாங்க” என்றேன். இறைச்சியை மாவில் பிசையும் வழக்கம் சீனச் சமையலில் உண்டு, இந்தச் சாப்பாட்டில் கிடையாது. பாதி உண்மையை எடுத்து முழுப் பொய்யாக்கினேன்.

“அப்புடியா? நமக்கு என்னா தெரியும்” என்றார் அவர்.

அவர் பக்கத்தில் பேரப் பையன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்காத வயது. பெரியம்மா தன் பீங்கானில் நூடில்ஸில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் வழித்து எடுத்து அவன் பீங்கானில் வைத்தார். எறச்சியத் தின்னுடா என்று சொல்லிச் சொல்லி வைத்தார். அவர் வழித்து எடுத்ததில் எது கோழி, எது சோயா என்று எனக்குத் தெரியும். அகப்பையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாளே எனக்கு நானே சமாதானம் சொல்லத் தொடங்கினேன். உலர்ந்த சோயா மீட்டில் பாதிக்குப் பாதி புரதம், ஊறிய பிறகும் நூறு கிராமில் பதினாறு பதினேழு கிராம் இருக்கும், கோழியில் இருபது சொச்சம், பெரிய வித்தியாசம் இல்லையே என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்குச் சரிதான். கோழியில் உள்ள பி12 சோயாவில் இயல்பாகக் கிடையாது, இறைச்சியின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்கிற அளவுக்குச் சோயாவின் இரும்பை எடுத்துக்கொள்ளாது என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். கண்ணாடி நூடில்ஸிலோ நூறு கிராமுக்கு ஒரு கிராம் புரதம் கூட இல்லை, அது வெறும் மாப்பொருள். அந்தச் சாப்பாட்டில் சத்து என்று இருக்க வேண்டியது இறைச்சிதான். 2016இல் நாடு முழுக்க எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டுக்குச் சராசரியாக 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். பெரியம்மாவின் பேரன் அந்தத் தோட்டத்தில் வளரும் பிள்ளை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு கேள்விக்கு முன்னால் நிற்காது. இரண்டும் ஒன்றுதான் என்றால் நான் ஏன் மறைத்தேன்?

மறைத்ததற்கு ஒரே காரணம், மறைக்க முடிந்தது. அவர்கள் அந்தச் சாப்பாட்டை முன்னே பின்னே பார்த்ததில்லை. சரியான ருசி எது என்று சொல்லும் அதிகாரம் அந்த வீட்டில் என் ஒருவனிடம்தான் இருந்தது. இதைப் போன்ற அதிகாரத்தின் கீழ்தான் என் அம்மா காலம் முழுக்கக் கொழுந்தெடுத்தார். நாளுக்குப் பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு வைத்திருப்பார்கள். அது சேராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதுதான் நிறை. சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியை எழுதுவார். கொழுந்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று யாரும் அளந்ததில்லை. அம்மா இரவில் அடுப்படியில் உட்கார்ந்து கழிவுக்குப் போன கிலோவை விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து வளர்ந்தேன். அந்த ஆட்களை நான் திட்டாத நாள் இல்லை. எனக்கு ஒரு தராசு கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில், அதே பெண்களுக்கு அதே வேலையைச் செய்தேன். அளக்கிறவன் நானாக இருந்தாலும் கழித்தது கழித்ததுதான்.

இனிப் பெரிய குற்றத்துக்கு வருகிறேன்.

சாப்பாடு முடிந்து சில நாளில் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு எழுந்தது. மூன்று கிலோவுக்குக் காசு சேர்த்தோம், இறைச்சி அவ்வளவு தெரியவில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரியம்மா சொன்ன வார்த்தையும் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் சந்தேகம் என் பக்கம் வரவில்லை. நான் கொழும்பில் வேலை பழகி வந்த பிள்ளை, சும்மா ஆக்கிக் கொடுத்தவன், கூலி கூட வாங்காதவன். காசு சேர்த்தவர் கொப்பி வைத்திருந்த அக்கா. சந்தேகம் அவர் மேல் விழுந்தது. சேர்த்ததை முழுக்கக் கொடுத்திருக்கமாட்டாள் என்று பேசினார்கள்.

அக்கா என்னிடம் வந்தார். “தம்பி, எறச்சிக் கடைப் பில்லு இருந்தா குடு. அவளுகளுக்குக் காட்டணும்” என்றார். அந்தத் துண்டு என் மேசை லாச்சியில்தான் இருந்தது. தொலைந்துவிட்டது என்றேன். நான் முழுக் காசையும் உன் கையில் எண்ணிக் கொடுத்தேனே, அதையாவது வந்து சொல்லு என்றார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. போனால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். அதற்குப் பயந்தேன்.

அதன் பிறகு அவரிடம் யாரும் சீட்டுக் காசு கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் பக்கம் பணம் சேர்ப்பது வருடா வருடம் அவர் செய்த வேலை. அது இன்னொருவருக்குப் போனது. அவரோடு ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுத்த சிநேகிதி ஒருவர் அவரோடு பேச்சை நிறுத்தினார். இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். நான் கொழும்பில் கடைகள் மறுபடி திறந்ததைச் சாக்காக வைத்து வேலைக்குக் கிளம்பிவிட்டேன். எடுத்த காசு ஒன்றரை நாள் கூலி. அதற்காக அந்த அக்கா இழந்தது என்னவென்று அளக்க எனக்குத் தெரியவில்லை. செய்யாத குற்றத்தின் பழியைச் சுமந்த டோ ஏயின் கதையைக் கொழும்பில் வாய் பிளந்து கேட்டவன் நான். என் சொந்த லயத்தில் ஒரு பெண்ணுக்கு அதே பழியைக் கட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு பொய் நிலைத்ததும் அடுத்தது எளிதாக வந்தது. கொழும்பிலும் தெரிந்தவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஆக்கிக் கொடுத்த இடங்களில் இறைச்சியைக் குறைத்துச் சோயாவைக் கூட்டினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் சொன்னது, லீவுக்கு ஊர் போன ஒரு நாளில். பெரியம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் வயதானவர், திட்டினாலும் மன்னித்துவிடுவார் என்ற கணக்கு எனக்குள் இருந்தது. அவர் கேட்டு முடித்து, “எனக்குச் சொல்லி என்னா? நான் சும்மா சாப்புட்டவ. காசு சேத்தவளுக்குப் போயிச் சொல்லு. அவ பேரு கெட்டுக் கெடக்கு” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கதவு நிலையில் நின்றே கேட்டார். நடுவில் ஒரு தடவை மட்டும், “அன்னைக்குப் பில்லு கேட்டேனே” என்றார். காசை நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளே போய் அந்தக் கொப்பியை எடுத்து வந்து கொடுத்தார். அத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறார். தன் கணக்குச் சரி என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. “இதுல இருக்கிற ஒவ்வொருத்திகிட்டயும் நீயே போ. காச மட்டும் குடுத்துட்டு வராத. என்னா செஞ்சேன்னு சொல்லிட்டுக் குடு” என்றார்.

அப்படியே போனேன். ஒருவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஒருவர், போகட்டும் தம்பி என்று காசை வாங்க மறுத்தார். அது பெருந்தன்மைதான், ஆனால் அக்காவை அவர் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சை நிறுத்தியிருந்த சிநேகிதி மட்டும் நான் சொல்லி முடித்ததும் அங்கேயே என்னை விட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுப் பக்கம் நடந்தார். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை.

இப்போதும் அந்த நூடில்ஸை ஆக்குகிறேன். காசு போதாதவர்கள் வீட்டிலும் ஆக்குகிறேன். அங்கே சோயாவும் சேர்க்கிறேன், முன்னாலேயே சொல்லிவிட்டு. பாதி இறைச்சி, பாதி சோயா என்று ஆக்கினால் அந்தச் சாப்பாடு கெட்டுப்போவதில்லை. கொத்திய கோழி நூற்றைம்பது கிராம், அதே அளவு ஊறிய சோயா, நூடில்ஸ் இருநூறு கிராம், விழுது இரண்டு மேசைக்கரண்டி என்றால் நாலு பேருக்குக் காணும். தோபான்ஜியாங் கிடைக்காதவர்கள் செத்தல் மிளகாயையும் உள்ளியையும் அரைத்து, உப்புக் கூட்டி, சோயா சோஸில் குழைத்து வதக்கலாம். புளித்த மணம் வராது. ஆனாலும் நூடில்ஸில் நன்றாகப் பிடிக்கும். சோயாவை எலும்புச் சாற்றில் ஊறவையுங்கள். நான் மறைப்பதற்காகக் கண்டுபிடித்த அந்த வழி ருசிக்கும் நல்லதுதான். இறைச்சியையும் சோயாவையும் சாப்பிடுகிறவர்கள் பார்க்கத் தனித்தனியாக நிறுத்துவிட்டு அடுப்பில் போடுகிறேன். கடைத் துண்டைக் காசு கொடுத்தவர் கையில் கொடுக்கிறேன். கொஞ்சத்தை நிறையப் பேருக்கு எட்டவைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாக்கள் அதைத்தான் தினமும் செய்தார்கள். கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவர்கள் எங்களிடம் சொல்லியும் செய்தார்கள்.

கொப்பியில் உள்ள பெயர்களில் சிலர் இப்போது தோட்டத்தில் இல்லை. பிள்ளைகளோடு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தேடிப்போய்க் கொடுப்பது என் பொறுப்பு. ஆனால் அவர்கள் மனதில் அந்த அக்காவைப் பற்றிய பழைய எண்ணம்தான் இன்னும் இருக்கும். நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அது மாற வேண்டும். அதனால்தான் வாயால் சொன்னதை எழுத்திலும் வைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அக்கா யார் என்று பெயர் சொல்லாமலே தெரியும். அவர் சேர்த்த காசு முழுவதும் என் கைக்கு வந்தது. அவர் கணக்கில் ஒரு சதமும் பிழையில்லை. எடுத்தவன் நான். அவர் என்னிடம் பில்லுக் கேட்ட நாளில் அது என் லாச்சியில் இருந்தது.